கறுவாத்தோட்டத்துப் பின் கேட்

1

கோயில் திருவிழா மலருக்குக் கட்டுரை கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் போன வாரம் கிடைத்தது. நான் என்ன எழுத வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்து அனுப்பியிருக்கிறீர்கள். "கொழும்பில் பங்களா வாழ்க்கை" என்று தலைப்பு. அதற்குக் கீழே ஒரு குறிப்பு: "மிக்கேல் தண்டல் ஒவ்வொரு நடை வந்ததும் உங்கள் பங்களாவைப் பற்றித்தான் பேசுகிறார். சோபாவில் உட்கார வைத்து, கண்ணாடித் தம்ளரில் ஐஸ் போட்ட தண்ணீர் கொடுத்தீர்களாமே! அதையெல்லாம் விவரமாக எழுதுங்கள்."

மலரை வெளியூரில் வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மிக்கேல் என் கூடப்பிறந்த அண்ணன். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடுகிற தோணி ஒன்றில் தண்டல். தோணியில் அவர் வைத்ததுதான் சட்டம். உப்பும் கூரை ஓடும் வெங்காயமும் ஏற்றி வருவார், இங்கிருந்து கிடைத்ததை ஏற்றிப் போவார். நான் இங்கே ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா.

இந்த அறைக்கு நான் குடிவந்து இன்றோடு ஏழு வருஷம் ஆகிறது. பங்களா என்று நீங்கள் சொல்வது பங்களா இல்லை. பங்களாவின் பக்கவாட்டில், முன்பு குதிரை வண்டி நிறுத்திய இடத்தை மறித்துச் சுவர் வைத்து ஓர் அறையாக்கியிருக்கிறார்கள். இங்கே அதற்கு அனெக்ஸ் என்று பெயர். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒட்டினாற்போல் ஒரு குளியலறை, மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க ஒரு மூலை. சோபா கிடையாது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வருகிறவர் நிற்க வேண்டும்.

அப்படியானால் அண்ணன் உட்கார்ந்த சோபா எது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2

முதலில் இந்த இடத்தின் அமைதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கறுவாத்தோட்டம் என்றால் கொழும்பில் வாயைப் பிளப்பார்கள். இங்கே தெருவில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் வேலைக்காரனை அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வீடு குரோட்டன்ஸ் வேலி, ஒரு கத்தரிக்கோலால் ஒரே உயரத்துக்கு வெட்டியது. நாய்கள் பசியில் குரைப்பதில்லை, பழக்கத்துக்காகக் குரைக்கின்றன. எதிர் வீட்டில் ஒரு துரை செத்துப்போனார். மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, அதுவும் பால்காரன் சொல்லி. அழுகைச் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஏழு வருஷமாக இந்த அமைதியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போய்விட்டது.

ஆனால் அன்றைக்கு இதைத்தான் நான் தேடி வந்தேன். அதையும் மறைக்கக் கூடாது. அதற்கு முன்பு கொச்சிக்கடையில், ஒரு சரக்குக் கிட்டங்கியின் மாடியில், நம் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரோடு இருந்தேன். பன்னிரண்டு பாய், ஒரு கக்கூஸ். கீழே கருவாட்டு மூட்டை, மேலே நாங்கள். மூட்டைப்பூச்சிக்கு எங்களில் எவனும் வேற்றாள் இல்லை. ஒருவன் குறட்டை, ஒருவன் ஜெபமாலை, ஒருவன் ஊரிலிருந்து வந்த கடிதத்தைச் சத்தம் போட்டு வாசிப்பான். எனக்கு அப்போது அவர்கள் எல்லாரையும் கண்டால் எரிச்சலாக வரும். ஒரு கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள், உள்ளே நான் மட்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கொழும்பு பாதி காலியாகிவிட்டது. பெரிய வீட்டுக்காரர்கள் மலைநாட்டுக்கு ஓடினார்கள். நம் ஆட்கள் கிடைத்த வண்டியில் ஊருக்கு ஓடினார்கள். கம்பெனி என்னை விடவில்லை. அப்போதுதான் ஒரு பத்திரிகையில் விளம்பரம் பார்த்தேன்: அமைதியான பகுதி, அனெக்ஸ், ஒற்றை ஆளுக்கு மட்டும். ஆபீஸ் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி, கீழே எஸ். ஃபெர்னாண்டோ என்று கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாளே நேரில் வரச் சொல்லிப் பதில் வந்துவிட்டது.

3

நம் ஊரில் ஃபெர்னாண்டோ என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். போர்த்துக்கீசுப் பாதிரிமார் ஞானஸ்நானத்தோடு கொடுத்துவிட்டுப் போன பெயர், அப்பனுக்குப் பின் மகன் என்று சுமக்கிறோம். இங்கேயும் அதே பெயரைச் சுமக்கிறவர்கள் ஏராளம், சிங்களவர்கள். பெயரை மட்டும் பார்த்தால் நான் யார் என்று ஒருவருக்கும் பிடிபடாது.

வீட்டுக்காரி ஒரு பறங்கிக்கார விதவை. வேலைக்காரர்கள் நோனா என்பார்கள், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னை நிற்க வைத்துப் பேசினாள்.

"மிஸ்டர் ஃபெர்னாண்டோ, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கரை ஆட்களுக்கு நான் இடம் கொடுப்பதில்லை. ஒருவனுக்குக் கொடுத்தால் பத்துப்பேர் வந்து படுப்பார்கள். நீங்கள் எந்தப் பக்கம்? மொரட்டுவையா, நீர்கொழும்பா?"

அக்கரை என்றால் நீங்களும் நானும்தான்.

திரும்பி நடந்திருக்கலாம். டிராமுக்குக்கூட நேரம் இருந்தது. ஆனால் திறந்திருந்த கதவு வழியாக அந்தக் கட்டிலும், வெள்ளையடித்த சுவரும், கதவின் உட்புறத்தில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாளும் தெரிந்தன.

"நீர்கொழும்பு" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தைதான் பொய் சொன்னேன். அதற்கு ஏழு வருஷமாகச் சோறு போட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

4

அறைக் கதவின் பின்னால் டைப் அடித்த நிபந்தனைத் தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. மீன் சமைக்கக் கூடாது. வேலியில் துணி உலர்த்தக் கூடாது. சத்தமாக ஜெபிக்கக் கூடாது. விருந்தாளிகள் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். வேலைக்காரர்கள், சாமான் கொண்டு வருகிறவர்கள், கடற்கரை ஆட்கள் பின் கேட் வழியாக மட்டும். கடைசி நிபந்தனையை நான் ஒரு தடவைதான் வாசித்தேன். அது என்னைப் பற்றியது இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மீனில்லாமல் எனக்குச் சோறு இறங்காது. தினமும் மத்தியானம் ஆபீஸிலிருந்து புறக்கோட்டைக்கு நடந்து, நம் ஊர்க்கார அண்ணாச்சி ஒருவர் கடையில் சாப்பிடுவேன். சாப்பிட்டபின் லைபாய் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவுவேன். ஒருநாள் அண்ணாச்சி கேட்டே விட்டார்: "என்ன வேய், மீன் சாப்பிட்ட கையா, கொலை பண்ணுன கையா?"

நீர்கொழும்புக்காரனுக்குச் சிங்களம் தெரிந்திருக்க வேண்டுமே. எனக்குத் தெரிந்தது துறைமுகத்துச் சிங்களம், அதாவது பத்து வசவும் ஐந்து எண்ணும். வீட்டு வேலைக்காரி சோமா என்ன கேட்டாலும் தலையாட்டி வைப்பேன். வந்த முதல் வாரம் அவள் ஏதோ நீளமாகக் கேட்டாள், ஆட்டினேன். சனிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்தால் நோனாவின் நாய் டியூக் என் குளியலறையில் குளித்துக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து இன்று வரை சனிக்கிழமை தவறாமல் அந்த நாய் என் குளியலறையில்தான் குளிக்கிறது. என் துண்டில் அதன் மயிர், என் வாளியில் அதன் நாற்றம். மறுத்துப் பேச எனக்குச் சிங்களம் போதாது, தமிழில் பேச எனக்குத் தைரியம் போதாது.

கட்டில் காலில் கால்விரல் இடித்துக்கொண்டால்கூட "யம்மா" என்று வாயில் வருவதை விழுங்கிவிடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் நோனா பியானோ வாசித்துக்கொண்டிருப்பாள். வலியில்கூட இன்ன பாஷை என்று பார்த்துக் கத்துகிற பிழைப்பு இருக்கிறதே, தூ!

5

இனி நம் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊருக்கே உண்டா என்று தெரியாது, எங்கள் வீட்டில் உண்டு.

எங்கள் அப்பா முத்துக் குளிக்கும் கடலடிப் பார்களுக்குப் படகு கொண்டுபோனவர். முத்துச் சலாபம் நடந்த வருஷங்களில் விடியுமுன் போய் வெயிலெல்லாம் கடலில் கிடந்துவிட்டு வருவார். கரையில் இறங்கியதும் யார் என்ன நீட்டினாலும் வாங்க மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வருவார். எங்களில் ஒருவர் கையால் செம்பு வாங்கி, முதல் மடக்குக் குடித்தபிறகுதான் பேச்சு. கடலிலிருந்து ஏறினவனுக்கு முதல் தண்ணீர் உறவுக் கையால். அந்தத் தண்ணீர் உள்ளே போனால்தான் அவன் கரை சேர்ந்தான் என்று எங்கள் வீட்டுக் கணக்கு. உறவில்லாத இடத்தில் குடித்தால் அவன் இன்னும் கடலில் இருக்கிறான்.

அண்ணன் இதை என்னைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர். நான் கொச்சிக்கடையில் இருந்த காலத்தில், தோணி கொழும்பைப் பிடித்ததும் சுங்கத்து வேலை முடிந்த மறு நிமிஷம் கிட்டங்கி மாடிக்கு ஏறி வருவார். உதடு வெடித்திருக்கும். பேச மாட்டார், கையை நீட்டுவார். நான் தகரக் குவளையில் மொண்டு கொடுப்பேன். குடித்துவிட்டுத்தான், "என்னலே, சுகமா இருக்கியா?" என்பார்.

சண்டைக் காலத்தில் அவர் தோணி இந்தப் பக்கம் வரவில்லை. சண்டை ஓய்ந்த மறு வருஷம்தான் மறுபடி வந்தார். கிட்டங்கியில் விசாரித்து, விலாசம் வாங்கி, கறுவாத்தோட்டம் வரை வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். தண்ணீர் குடிக்காமல்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை. பூசை கண்டுவிட்டு வந்து வராந்தாவில் நோனாவோடு நின்றுகொண்டிருந்தேன். அடுத்த வீட்டுக்காரன் வேலியை நான்கு அங்குலம் வளரவிட்டுவிட்டான் என்று அவள் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏலே, சந்தியாகு!"

அந்தத் தெருவில் அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு பெரிய சத்தம் கேட்டிருக்காது. முன் கேட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணன் நின்றார். முட்டுக்கு மேல் மடித்த கைலி, தோளில் துண்டு, கக்கத்தில் ஆத்தூர் வெற்றிலைக் கட்டு, கையில் ஊறுகாய் ஜாடி. நான்கு வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்த்த சந்தோஷத்தில் முகமெல்லாம் பல்.

நோனா என்னைப் பார்த்தாள். "மிஸ்டர் ஃபெர்னாண்டோ, அந்த ஆள் உங்களையா கூப்பிடுகிறான்?"

இந்த இடத்தில் ஒருவன் என்ன சொல்ல வேண்டும் என்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நான் இங்கிலீஷில், "கடற்கரையிலிருந்து சாமான் கொண்டு வருகிற ஆள்" என்றேன்.

அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முப்பது வருஷம் காற்றின் முகம் பார்த்துப் பாய் விரித்தவர். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பிறகு, யாரிடமும் குனியாத அந்த மனுஷன் நோனாவைப் பார்த்துக் கும்பிட்டு, "ஆமா தாயி. ஐயாவுக்குச் சாமான் கொண்டாந்திருக்கேன்" என்றார்.

வேலைக்காரர்களிடம் பேசுகிற அரைகுறைத் தமிழில் நோனா, "பின்னாலே போ" என்று கையைக் காட்டினாள். போனார்.

உடனே நான் பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நோனா மறுபடி வேலிக்கு வந்துவிட்டாள். நானும் நான்கு அங்குலம் தப்புத்தான், முனிசிபாலிட்டிக்கு எழுதலாம் என்று ஆமோதித்துக்கொண்டு நின்றேன். நகர்ந்தால் சந்தேகப்படுவாள் என்று பயம். கால் மணி நேரம் நின்றிருப்பேன்.

நான் பின் கேட்டுக்குப் போனபோது அண்ணன் குழாயடியில் குந்தியிருந்தார். பக்கத்தில் சோமா. தோட்டக்காரனுக்கும் குப்பைக்காரனுக்கும் அவள் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற சிரட்டை அண்ணன் கையில் இருந்தது. காலிச் சிரட்டை.

"அண்ணே..."

"தண்ணி குடிச்சாச்சுலே" என்றார்.

வெற்றிலையையும் ஜாடியையும் படியில் வைத்தார். தங்கச்சிக்கு ஆண்பிள்ளை பிறந்ததைச் சொன்னார், கோயில் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்ததைச் சொன்னார். எழுந்துகொள்ளும்போது அறைப் பக்கம் கண்ணைக் காட்டி, "நல்ல எடந்தான். காத்து வருமா?" என்று கேட்டார்.

"வரும்."

"சரி. நா இங்கன வந்தா பின்னால வாரேன். நீ பயப்படாத."

பயப்படாத என்றார். திட்டியிருக்கலாம். செவிட்டில் ஒன்று விட்டிருந்தால் நான் ஒருவேளை மனுஷனாகியிருப்பேன். அவர் எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஒவ்வொரு நடையும் பின் கேட்டில்தான் வந்தார். வேலைக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் என்னை ஐயா என்பார். முதல் இரண்டு தடவை எனக்கு நெஞ்சு எரிந்தது. மூன்றாம் தடவை பழகிவிட்டது. அவர் ஐயா என்றதற்கு நான் "ம்" என்றேன். எச்சில் இலையைக்கூட இதைவிட அருவருப்பில்லாமல் தொடலாம்.

7

இப்போது வந்திருக்கிற சட்டம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அக்கரையிலிருந்து வந்தவர்கள் இந்த நாட்டில் தொடர்ந்து இருக்க மனுக் கொடுக்க வேண்டும். எத்தனை வருஷம் எங்கே குடியிருந்தாய் என்பதற்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் வேலை போகும், பெட்டியைக் கட்ட வேண்டும். முதலில் ஒரு ஆபீஸில் நிற்க வைத்தார்கள். அங்கே ஊதா மை கூடாது, கறுப்பு மை என்றார்கள். கறுப்பு மையில் எழுதிக்கொண்டு போனால் பெயருக்கு முன்னால் அப்பா பெயர் எங்கே என்றார்கள். அதையும் எழுதிக்கொண்டு போனால் பிறந்த இடத்தைக் கட்டத்துக்குள் முழுசாக எழுது என்றார்கள். தூத்துக்குடி. எழுதினேன். அந்தக் கட்டத்துக்குக் கீழேதான் நோனா கையெழுத்துப் போட வேண்டும்.

நான்கு நாளைக்கு முன்பு, காலையில், மனுப் பாரத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். அன்றோடு அறை போய்விடும் என்று நினைத்தேன். அவள் மூக்குக்கண்ணாடி போட்டு, ஒரு வரி விடாமல் வாசித்தாள். பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"பிறந்த இடம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றாள். "பின் கேட்டுக்கு ஒரு ஆள் வருவாரே, அவர் உங்கள் அண்ணன்தானே? முதல் நாளே தெரிந்தது. இரண்டு பேருக்கும் ஒரே காது, ஒரே நடை. பின்னால் போ என்றேன். நீங்கள் வாயைத் திறப்பீர்கள் என்று வேலியைக் காட்டிக் காட்டிக் கால் மணி நேரம் பேசினேன். திறக்கவில்லை."

நான் பாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கரை ஆட்களைப் பற்றி நான் எவ்வளவோ கேள்விப்பட்டிருக்கிறேன், மிஸ்டர் ஃபெர்னாண்டோ. ஒருவனுக்கு இடம் கொடுத்தால் பத்துப்பேர் வருவார்கள் என்று. கூடப்பிறந்தவனை வாசலில் நிறுத்துவார்கள் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. சரி, ஒழுங்கான ஆளாகத்தான் கிடைத்திருக்கிறீர்கள் என்று விட்டுவிட்டேன்."

இதைச் சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை என்று உள்ளே கொதித்தது. டைப் அடித்து ஒட்டியவள் அவள். கையைக் காட்டியவள் அவள். நான் திணறுவதை நாடகம் போலப் பார்த்தவளும் அவள். எல்லாம் சரி. ஆனால் அண்ணனைச் சாமான் கொண்டு வருகிற ஆள் என்றவன் நான். அதை அவள் தலையில் கட்ட முடியவில்லை.

8

நேற்று அண்ணனின் தோணி வந்தது. ஆபீஸ் பதிவில் பெயரைப் பார்த்ததுமே லீவு சொல்லிவிட்டு அறைக்கு வந்தேன். புதிதாக வாங்கிய பித்தளைக் கூஜாவில் தண்ணீர் நிரப்பினேன். அதைத் தூக்கிக்கொண்டு முன் கேட் வழியாகவே வெளியே வந்தேன். நோனா வராந்தாவில் இருந்தாள்.

துறைமுகத்துப் படியில் காத்திருந்தேன். அண்ணன் இறங்கினார். தாடியில் பாதி நரைத்துவிட்டது, பின் கேட்டில் இதை நான் பார்த்ததே இல்லை. என்னை அங்கே கண்டதும் முகம் மாறிவிட்டது.

"என்னலே, வேலை போயிட்டா?"

"இல்லண்ணே. தண்ணி கொண்டாந்தேன். குடிங்க." கூஜாவைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினேன்.

அவர் மூடியைப் பார்த்தார். வாங்குவதற்குக் கை பாதி வந்தது. அப்புறம் என் தோளில் தட்டினார்.

"நா தோணியிலயே குடிச்சிட்டுத்தாம்லே எறங்குதேன். இப்பம் ரெண்டு வருசமா அப்படித்தான். வயசாயிட்டுல்லா, தாகம் தாங்க முடியல."

வயசு காரணமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். சோமாவிடம் அவர் தண்ணீர் வாங்குவதை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. நான் கவனிக்கக்கூட இல்லை. எங்கள் வீட்டுக் கணக்குப்படி, சோமாவின் சிரட்டையில் குடித்த அன்றிலிருந்தே என் அண்ணன் கொழும்பில் கரை சேரவில்லை.

"ஊர்ல சோபான்னு சொல்லியிருக்கீங்களாமே" என்றேன்.

வெட்கப்பட்டுச் சிரித்தார். "கேக்காவல்லா எல்லாரும். தம்பி எப்படி இருக்கான், எப்படி ஒன்ன கவனிச்சான்னு. நா என்னத்தச் சொல்ல?"

கூஜாவை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். மேஜையில் இருக்கிறது. இதை எழுதுகிறபோது இரண்டு தடவை எடுத்துக் குடிக்கப் பார்த்தேன், மூடியைத் திறக்காமல் திரும்ப வைத்துவிட்டேன்.

அறையைக் காலி செய்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். காலி செய்யவில்லை. மனு இந்த விலாசத்தில்தான் இருக்கிறது, முடிவு வரும் வரை நகரக் கூடாது என்கிறார்கள். ஆக இந்தச் சனிக்கிழமையும் டியூக் என் குளியலறையில்தான் குளிக்கும்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். கட்டுரையை மலரில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். நீங்கள் அனுப்பிய தலைப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். என் அண்ணனுக்கு வாசிக்கத் தெரியாது. அவர் ஊர் வந்து சேர்ந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஆட்கள் கலைவதற்கு முன்பு, அவரை முன்னால் நிறுத்திக்கொண்டு யாராவது இதைச் சத்தமாக வாசியுங்கள். அவர் வேண்டாம் என்பார், தம்பி விளையாட்டுக்கு எழுதியிருக்கான் என்பார். நம்பாதீர்கள். முழுவதும் வாசிக்க நேரமில்லை என்றால் இந்த மூன்றை மட்டுமாவது வாசியுங்கள். சோபா இல்லை. கண்ணாடித் தம்ளர் இல்லை. பின் கேட்டில் நின்றவர் மிக்கேல், என் அண்ணன்.